வெள்ளிக்கிழமைப் பக்கம் ஒரு கறுப்பு வாசல்

"எங்கள் விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரே ஓர் இடம் காலியாக உள்ளது. காணொளி நேர்காணல் அடுத்த செவ்வாய்க்கிழமை, எங்கள் நேரம் காலை பதினொரு மணிக்கு. எங்கள் ஊருக்கு ஒரே ஒரு நாள் வந்திருக்கும் விருந்தினருக்கு எதைக் காட்டுவீர்கள், எப்படி வழி சொல்வீர்கள் என்று ஜெர்மன் மொழியில் பேசத் தயாராக இருக்கவும்."

என் கோப்பில் இருக்கும் ஒரு மின்னஞ்சலின் அச்சுப்படி இது. மூலம் ஜெர்மன், தமிழ் என்னுடையது. அனுப்பிய கிழமை புதன். யாங்கோனில் எங்களுக்கு வந்து சேர்ந்தது அதே புதன் மாலை, நாலு மணிக்கு மேல். சரியான நிமிடத்தைக் குறித்து வைக்கவில்லை. குறிக்க வேண்டிய நேரத்தில் என் தங்கை பார்வதி, வீட்டில் பாரு, என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

கடிதம் எழுதிய அம்மையாரின் பெயரை இங்கே தரப் போவதில்லை. அவர் ஊர் வழக்கப்படி ஃப்ராவ் என்று மட்டும் சொல்கிறேன். ஊர் பெயரைச் சொல்லலாம்: ட்ரியர். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், மோசல் என்னும் ஆற்றின் கரையில், செங்குத்தான திராட்சைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் மிகப் பழைய ஊர். ரோமானியர்கள் கட்டியவை இன்னும் அங்கே நிற்கின்றன. அவர்கள் வளர்த்த திராட்சைக்கொடியும் நிற்கிறது.

எங்களுக்கு ஆறு நாள் இருந்தது.

மொட்டைமாடியில் ரோமாபுரி

அந்த வாரத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது இந்தக் காட்சிதான்.

யாங்கோனின் ஓடையோரப் பகுதியான பசுந்தாங்கில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி. மழைக்காலம் முடியும் தறுவாய். தரையெல்லாம் பாசி. ஓடையின் சேற்று வாசனையும், கீழே யாரோ மீன் வதக்கும் வாசனையும் கலந்து மேலே வருகின்றன. நடுவில் பாரு நிற்கிறாள். இடுப்பில் வீட்டில் கட்டும் லுங்கி. மேலே பழைய ஹோட்டல் கோட்டு, பித்தளைப் பெயர்ப்பட்டையோடு. வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். அந்தச் செருப்பாலேயே வழி காட்டுகிறாள்.

"மதிப்புக்குரிய விருந்தினர்களே, அதோ கறுப்பு வாசல்!"

செருப்பு காட்டிய இடத்தில் எங்கள் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, மாடியின் வடக்கு மூலையில். ட்ரியரின் வடக்கு வாசலுக்குப் போர்த்தா நிக்ரா என்று பெயர். கறுப்பு வாசல் என்று பொருள். மணற்கல் காலப்போக்கில் கறுத்துவிட்டது. சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, இரும்புப் பிடிகளால் இணைத்திருக்கிறார்கள். தொட்டியும் வடக்கு, வாசலும் வடக்கு என்று தெரிந்தபோது, இது தானாக அமைந்த நல்ல சகுனம் என்று பாரு சொன்னாள். நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

விருந்தினர்களாக நாங்கள் இருவர். நான் ஒருவன். இன்னொருவர் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் டோ கின் மியா. பர்மிய அம்மா, அறுபதைத் தாண்டியவர், சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறார். நாங்கள் அவரை டோ டோ என்று கூப்பிடுவோம். அத்தை என்பது போல. எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'நோ' சேர்த்து. அது பர்மியச் சொல். 'சரிதானே' என்கிற மாதிரி.

"கறுப்பு வாசல் பார்த்தாச்சு நோ," என்றார் டோ கின் மியா. "இப்ப கழுவுற இடம் எங்க?"

"டோ டோ, ராஜா குளிக்கிற இடம்னு சொல்லுங்க. விருந்தாளி கழுவுற இடம்னு கேட்டா நான் பாத்ரூமைக் காட்டிடுவேன்."

வழி தெரியாத வரவேற்பாளர்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் தங்கைக்குத் திசை தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் நகரத்தின் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வரைபடம் எடுத்துக் கொடுத்து, பேனாவால் வட்டம் போட்டு, சிரித்து அனுப்புவது அவள் வேலை. சிரிப்பில் குறை வந்ததில்லை. வட்டத்தில்தான் வந்தது. ஒருமுறை ஒரு ஜெர்மானியத் தம்பதி தன்லியினில் இருக்கும் பழைய போர்ச்சுக்கீசிய ஆலயத்தின் இடிபாட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தன்லியின் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பாரு பேருந்து எண்ணை எழுதிக் கொடுத்து, நிறுத்தம் வரை போய் ஏற்றியும் விட்டாள். பேருந்து நேர் எதிர்த் திசையில் மிங்கலாடோனுக்குப் போனது. மிங்கலாடோனில் விமான நிலையம் இருக்கிறது.

"எங்களை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டீர்களோ என்று நினைத்தோம்," என்று அந்தக் கணவர் மாலையில் வந்து சொன்னாராம். பாரு சிரித்துவிட்டாள். அவர்களும் சிரித்துவிட்டார்கள். ஜெர்மன் கற்றுக்கொள் என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். முதல் பாடப்புத்தகத்தை அனுப்பியதும் அவர்களே. அதன் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் தேதி என் குறிப்பேட்டில் இருக்கிறது. அது மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை என்பதோடு நிறுத்துகிறேன்.

பிறகு வெளிநாட்டவர் வருவது நின்றது. ஹோட்டல் மூடப்பட்டது. பாரு கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, டோ கின் மியாவின் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டே வினைச்சொற்களை மனப்பாடம் செய்தாள். மூன்று தேர்வு எழுதினாள். பதினேழு விடுதிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். பதில் வந்தது ட்ரியரிலிருந்து மட்டும்.

"அண்ணே, பன்னெண்டு வருஷமா எல்லாருக்கும் மேப்பு எடுத்துக் குடுத்தேன். என் கையில ஒருத்தரும் குடுக்கல," என்றாள் அந்தப் புதன்கிழமை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அச்சுப்படியை அவள் மடித்த விதத்தைப் பார்த்தேன். நாலு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அப்படி மடிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது என் பழக்கம்.

எட்டு மூலை

திசைப் பிரச்சினையைத் தீர்த்தவர் டோ கின் மியா.

முதல் நாள் ஒத்திகையில் பாரு கிழக்கை மேற்கு என்றாள், தெற்கை வடக்கு என்றாள். ஆற்றையே ஊரின் மறுபக்கத்துக்கு நகர்த்தினாள். நான் திசைமானி வாங்கி வரக் கிளம்பிவிட்டேன்.

"கோ மணி, உட்காருங்க," என்றார் டோ கின் மியா என்னிடம். கோவும் மாவும் பர்மியரின் மரியாதை அடைமொழிகள், ஆணுக்கு கோ, பெண்ணுக்கு மா. "மா பாரு, நீ பகோடாவுக்குப் போறியே, தண்ணி ஊத்துற மூலைக்கு யாரையாச்சும் வழி கேப்பியா?"

"அதுக்கு எதுக்கு வழி கேக்கணும் டோ டோ? நான் வெள்ளிக்கிழமை பொறந்தவ. கண்ண மூடிக்கிட்டே போவேன்."

"ராகு மூலை எங்க?"

பாரு யோசிக்காமல் கையை நீட்டினாள். வடமேற்கு. சரி.

"செவ்வாய்?" தென்கிழக்கு. சரி. "சனி?" தென்மேற்கு. சரி.

வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் பிறந்த தேதியைவிடக் கிழமைதான் முக்கியம். எங்கள் ஊரின் பெரிய பௌத்தக் கோயிலான ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி எட்டு மூலைகள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, ஒரு மிருகம். திங்கள் கிழக்கு, புலி. வியாழன் மேற்கு, எலி. வெள்ளி வடக்கு. ஞாயிறு வடகிழக்கு. கிழமை ஏழுதானே, மூலை எட்டாயிற்றே என்று கேட்பீர்கள். புதனை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உச்சிப்பொழுதுக்கு முன் பிறந்தவர்களுக்குத் தெற்கு, தந்தமுள்ள யானை. பின் பிறந்தவர்கள் ராகு. வடமேற்கு, தந்தமில்லாத யானை. அவரவர் மூலையில் அவரவர் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். இதில் பர்மியர், தமிழர் என்ற வேற்றுமை இல்லை. நவக்கிரகத்தைச் சுற்றிய கால்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஆக, ட்ரியரின் நடுவில் இருக்கும் சந்தைச் சதுக்கத்தைப் பகோடா என்று வைத்துக்கொண்டோம். வெள்ளியில் கறுப்பு வாசல். ஞாயிறில் பேராலயம், அங்கே டோ கின் மியாவின் பூந்தொட்டிகளை வைத்தோம். திங்களில் ரோமானிய விளையாட்டரங்கும் திராட்சைச் சரிவும். உண்மையில் அது கொஞ்சம் கிழக்கு, கொஞ்சம் தென்கிழக்கு. வசதிக்காகத் திங்கள் என்றோம், அந்தத் தவறு என் பெயரில் இருக்கட்டும். செவ்வாயில் பேரரசர் குளியல் மண்டபம். துணி ஊறவைக்கும் அண்டா. சனியில் இன்னொரு பழைய குளியல் மண்டபம், உடைந்த வாளி. வியாழனில் ரோமானியப் பாலம்; இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை. புதன் காலையில் தெற்கே ஒரு மடாலயம். புதன் மாலையில், ராகு மூலையில், ஆற்றங்கரையில் பழைய மீனவர் குடியிருப்பு. ஃப்ராவின் விடுதி இருப்பது அங்கேதான்.

மழை ஒரு நாள் விடாமல் மாலையில் வந்து, ஒவ்வொன்றின் அருகிலும் நான் சுண்ணக்கட்டியால் எழுதிய, அது கட்டப்பட்ட ஆண்டுகளையெல்லாம் கழுவிவிட்டுப் போனது. பாருவுக்கு அதில் ஒரே மகிழ்ச்சி.

தேதிகளுக்கும் தங்கைக்கும் சண்டை

நான் நாட்காட்டி அடிக்கும் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாட்காட்டியின் ஒரே ஒரு கட்டத்தில் கிழமை தவறினால் ஆயிரக்கணக்கான சுவர்களில் ஓர் ஆண்டு முழுக்கத் தவறு தொங்கும். இந்தப் பயம் எனக்கு உணவு, உறக்கம் எல்லாவற்றிலும் உண்டு. எனவே பாருவுக்கு ட்ரியர் வரலாற்றின் நாற்பத்திரண்டு முக்கிய ஆண்டுகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன்.

"நாப்பத்திரண்டா? அண்ணே, அவங்க வந்திருக்கிறது ஒரே ஒரு நாளைக்கு!"

"விருந்தாளி கேட்டா என்ன சொல்லுவ?"

"கேட்டா, எங்கண்ணனுக்கு போன் போட்டுக் குடுப்பேன்."

பெரிய சண்டை சிவப்பு வீட்டால் வந்தது. ட்ரியரின் சந்தைச் சதுக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு வீடு இருக்கிறது. அதன் முகப்பில் லத்தீனில், ரோம் தோன்றுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். சுத்தமான கட்டுக்கதை. நான் படித்த எல்லா நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. பாருவுக்கோ அந்த ஊரிலேயே மிகவும் பிடித்தது அந்த வீடுதான்.

"சொல்லாதே," என்றேன்.

"வீடே சொல்லுது. நான் சொன்னா என்ன?"

"ஆதாரம் இல்ல."

"சுவத்துல எழுதி வச்சிருக்கான், அதுக்கு மேல என்ன ஆதாரம்? உன் மூஞ்சியப் பாருண்ணே, உன் சொந்த வீட்டைப் பத்தி யாரோ பொய் சொல்லிட்ட மாதிரி!"

கறுப்பு வாசலின் கதையைச் சொன்னபோதும் இப்படித்தான். பதினோராம் நூற்றாண்டில் ஒரு துறவி தன்னை அந்த வாசலின் கோபுரத்தில் வைத்துச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்ளச் செய்து, சாகும்வரை அங்கேயே இருந்தார். அவர் இறந்த பின் வாசலையே ஆலயமாக்கினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு பிரெஞ்சுப் பேரரசர் வந்து ஆலயத்தை இடித்து வாசலை மறுபடி வாசலாக்கச் சொன்னார். நான் பயபக்தியோடு சொல்லி முடித்தேன்.

"மாடி ஏறிப் போயிட்டா யாரும் தொந்தரவு பண்ண வரமாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆளு," என்றாள் பாரு. நாங்கள் இருப்பது ஆறாவது மாடி, மின்தூக்கி இல்லை.

பேரரசர் குளியல் மண்டபம் திட்டமிட்டபடி கட்டி முடிக்கப்படவே இல்லை என்றேன். டோ கின் மியா சுற்றிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதிக் கட்டடங்களை ஒருமுறை பார்த்தார். "அப்ப அவ அங்க போனா வீட்டு ஞாபகம் வராது நோ," என்றார்.

சிரிக்கும் மாலுமி

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு கல் கப்பல். மோசல் ஆற்றோரம் நோய்மாகன் என்ற சிற்றூரில் கிடைத்தது. ரோமானிய வணிகர் ஒருவரின் கல்லறையை அலங்கரித்த சிற்பம். இப்போது ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய பீப்பாய்கள் ஏற்றிய படகு, துடுப்புப் போடும் ஆட்கள். அவர்களில் ஒருவன் சிரிக்கிறான். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சிரிப்பு கல்லில் இருக்கிறது. பீப்பாயில் இருப்பது மதுதான் என்று ஊர் சொல்கிறது.

பசுந்தாங் ஓடையில் தினமும் படகு பார்க்கிறேன். சிரிக்கும் படகோட்டியை இதுவரை கண்டதில்லை. படகில் இருப்பது அரிசி மூட்டை என்பதால் இருக்கலாம்.

மதுவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்வி ஞாயிற்றுக்கிழமை எழுந்தது. அந்தப் பக்கத்துச் சரிவுகள் பலகைக்கல் நிறைந்தவை; பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அதில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. சில சரிவுகளின் நடுவே பாறையில் பெரிய சூரியக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள், வேலை செய்கிறவர்கள் நேரம் பார்ப்பதற்காக. இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். பாருவோ மதுவை நாக்கில் வைத்ததில்லை.

வீட்டில் ஒரு புட்டி இருந்தது. எங்கள் ஷான் மலைப் பக்கத்துத் திராட்சையில் செய்தது. ஹோட்டல் விருந்தாளி ஒருவர் எப்போதோ கொடுத்ததை, அகராதிகள் சரியாமல் இருக்க அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தேன். டோ கின் மியா தையல் கத்தரியால் தக்கையை நோண்டி எடுத்தார். பிறகு கையை உதறிக்கொண்டு, "கோ மணி, இன்னைக்கு உபோசத நாளா?" என்றார். விரத நாளில் அவர் இதைத் தொடமாட்டார்.

நாட்காட்டிக்காரனிடம் கேட்கிறார். "நாளைக்குத்தான்," என்றேன்.

"நல்லது நோ," என்று டம்ளரை நீட்டினார்.

மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் ஒவ்வொரு விரற்கடை. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாயில் வைத்தோம். முதலில் பேசியவள் பாரு, பர்மிய 'அம்மாடி'யோடு.

"அமேலே! புளித் தண்ணியில பட்டன் ஊறப்போட்ட மாதிரி இருக்கு!"

ஆண்டுக்கணக்கில் வெயில் படும் அலமாரியில் நின்றால் எந்த மதுவும் அப்படித்தான் ஆகும். மலைத் திராட்சைமேல் பழி சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கு அவ்வளவு பொறுமையாக யோசிக்க முடியவில்லை. டோ கின் மியா சிரித்துச் சிரித்துப் பூந்தொட்டிப் பேராலயத்தின்மேல் சாய்ந்தார். ஒரு கோபுரம் உடைந்தது.

செவ்வாய், மூன்றரை மணி

ட்ரியரில் காலை பதினொன்று என்றால் யாங்கோனில் பிற்பகல் மூன்றரை. எங்கள் ஊர் நேரத்துக்கு ஓர் அரை மணி வால் உண்டு என்பதை உலகம் அடிக்கடி மறந்துவிடும். நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

அந்த நேரத்தில் எங்கள் பகுதிக்கு மின்சாரம் இருக்காது. டோ கின் மியா வீட்டில் தையல் எந்திரத்துக்காக ஒரு பேட்டரி வைத்திருந்தார். அங்கேயே மடிக்கணினியை வைத்தோம். நான் மடிக்கணினித் திரைக்குப் பின்னால், முக்காலியில். வாய் திறக்கக் கூடாது என்பது பாருவின் கட்டளை. மடியில் நாற்பத்திரண்டு ஆண்டுகளும் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தயாராக இருந்தன. அன்று காலை அதே பேட்டரியில்தான் அச்சிட்டேன். இதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

ஃப்ராவின் குரல் சீராக, ஈரமில்லாமல் இருந்தது. பாரு நன்றாகத்தான் தொடங்கினாள். கறுப்பு வாசல், துறவி, பாலம். சிவப்பு வீட்டையும் சொல்லிவிட்டாள். "வீடு அப்படிச் சொல்கிறது, என் அண்ணன் இல்லை என்கிறான், விருந்தினர் இருவர் பேச்சையும் கேட்டு முடிவு செய்யலாம்" என்றாள். ஃப்ராவ் அடுத்த கேள்விக்குப் போனார். மதுவைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல மதுவை நான் குடித்ததில்லை, கெட்டதை ஞாயிற்றுக்கிழமை குடித்தேன்" என்றாள். அப்போதும் ஃப்ராவ் சிரிக்கவில்லை. நான் மடியில் இருந்த தாள்களைப் புரட்டத் தொடங்கினேன்.

பிறகு ஃப்ராவ் நாங்கள் தயாரிக்காத ஒன்றைக் கேட்டார். "விருந்தினர் சந்தைச் சதுக்கத்தில் நிற்கிறார். மழை. குடை உடைந்துவிட்டது. வரைபடம் நனைந்துவிட்டது. உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். கறுப்பு வாசலுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?"

பாரு கண்ணை மூடினாள். அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். மொட்டைமாடி, பாசி, கறுப்புத் தொட்டி.

"வெள்ளிக்கிழமைப் பக்கம் நேராகப் போங்கள்," என்றாள் தெளிவான ஜெர்மனில்.

ஆறு நாள் ஒத்திகையில் டோ கின் மியாவுக்கே வெள்ளிக்கான ஜெர்மன் சொல் பழகியிருந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பதறிப்போய், 'வடக்கு' என்று ஜெர்மனில் எழுதிய தாளைத் தூக்கிக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

"இன்று செவ்வாய்," என்றது ஃப்ராவின் குரல். "வெள்ளி வரைக்கும் அவர் மழையில் நிற்க வேண்டுமா?"

போயிற்று என்று நினைத்தேன். பதினேழு விண்ணப்பம், மூன்று தேர்வு, பொத்தான்கள், எல்லாம்.

பாரு சிரித்துவிட்டாள். மிங்கலாடோன் தம்பதியிடம் சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டாள், சிரித்துக்கொண்டே விளக்கினாள்: எட்டு மூலை, எட்டு மிருகம், தண்ணீர்த் தொட்டி, அண்டா, உடைந்த வாளி. தன் ஊரில் யாரும் தன் மூலையைத் தேடித் தொலைந்துபோக மாட்டார்கள் என்றாள். இலக்கணம் அங்கங்கே சரிந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

மறுமுனையில் நாற்காலி முன்னுக்கு இழுபடும் சத்தம்.

"என் மூலை எது?" என்றார் ஃப்ராவ்.

புதன், ஆனால்

அவர் பிறந்த தேதியைச் சொன்னார். அக்டோபர் மாதம், ஆண்டை நான் எழுத மாட்டேன். திரைக்குப் பின்னால் என் மூளை தானாக ஓடியது. நான் எதற்கும் பயன்படாமல் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கென்று வந்த ஒரே வேலை. பத்து வினாடியில் கட்டளையை மீறினேன்.

"புதன்!"

"யார் அது?" என்றார் ஃப்ராவ்.

"சிவப்பு வீட்டை நம்பாத அண்ணன்," என்றாள் பாரு. பிறகு, "காலையா, மாலையா? காலை என்றால் உங்கள் மூலை மடாலயம். மாலை என்றால் மீனவர் குடியிருப்பு, அதாவது உங்கள் சொந்த வாசற்படி!"

ஃப்ராவுக்குத் தெரியவில்லை. "அம்மா!" என்று கூப்பிட்டார். பக்கத்து அறையில் விடுதிக்கு மேசைத்துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் வந்தார். தொண்ணூறு வயதாம். கேள்வியை இரண்டு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ பிறந்தது திராட்சை அறுவடையில்," என்றது அந்த முதிய குரல். "கடிகாரம் பார்க்க யாருக்கு நேரம்? ஆனால் நினைவிருக்கிறது. அப்போது மணி..."

திரை அணைந்தது. மின்விசிறி நின்றது. பேட்டரி முடிந்துவிட்டது.

டோ கின் மியா தாளத்தைத் தவறவிட்டவர் போல தையல் எந்திரத்தின் சக்கரத்தைச் சும்மா ஒருமுறை சுற்றினார். நான் மடியில் இருந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளைப் பார்த்தேன். அவற்றை அச்சிடாமல் இருந்திருந்தால் இன்னும் கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

"பாரு," என்றேன்.

"ஒண்ணும் சொல்லாதண்ணே. மணி என்னன்னு மட்டும் கேட்டிருக்கலாம்."

இணையம் திரும்பி வர இரவாயிற்று. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பினோம். புதன் போயிற்று, பதில் இல்லை. வியாழனும் இல்லை. பாரு மொட்டைமாடிக்குப் போய்ப் பாலத்தைப் பிரித்து, பலகையைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். உடைந்த வாளியை மட்டும் எடுக்கவில்லை.

கடிதம் வந்த கிழமை வெள்ளி. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, அச்சுப்படியில் இருக்கிறது.

"இடம் உங்களுடையது. விருந்தினருக்கு வழி சொல்ல எங்களிடம் வரைபடங்கள் இருக்கின்றன. மழையில் நிற்கிறவரைச் சிரிக்க வைக்க ஆள் இல்லை. பின்குறிப்பு: நான் பிறந்தபோது ஆலயத்தில் பன்னிரண்டு மணி அடித்துக்கொண்டிருந்தது என்கிறார் அம்மா. இப்போது நான் எந்த மூலை? உங்கள் அண்ணனைக் கேட்டுச் சொல்லவும்."

டோ கின் மியா வீட்டிலிருந்து பாரு படிக்கட்டில் ஏறி ஓடிய ஓட்டத்தில் நாலாவது மாடியில் ஒரு செருப்பு, ஐந்தாவது மாடியில் ஒரு செருப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழையில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். டோ கின் மியா ஆடியே விட்டார், அறுபதைத் தாண்டியவர், பாசியில். நான் குறிப்பேட்டை எடுத்தேன். நனைந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் 'வெள்ளி' என்பது மட்டும்தான் படிக்க முடிகிறது.

இரண்டு மூலை

குளிர்காலத்தில் பாரு போய்ச் சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு படம் அனுப்பினாள். கறுப்பு வாசலின் கீழே கோட்டுக்கு மேல் கோட்டு போட்டு நிற்கிறாள். "அண்ணே, தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளிக்கிழமைப் பக்கம்தான் இருக்கு, நானே சரிபாத்துட்டேன்," என்று குரல் அனுப்பியிருந்தாள். கல் கப்பலில் சிரிக்கிறவனையும் பார்த்தாளாம். அவன் குடித்தது நம் அலமாரிப் புட்டி இல்லை என்றாள்.

விடுதியின் வரவேற்பு மேசையில் இப்போது ஒரு வரைபடம் இருக்கிறது. எட்டு மூலையிலும் எட்டு மிருகங்கள், பாரு வரைந்தவை. அவளுடைய புலி பூனை போல இருக்கிறது. விருந்தினர்கள் தம் பிறந்த தேதியைச் சொல்கிறார்கள். கிழமை தெரியாதவர்களின் தேதிகள் எனக்கு வந்து சேர்கின்றன. பிழை திருத்தும் மேசையிலிருந்தபடி பதில் அனுப்புகிறேன்.

ஒன்றுதான் மீதி. பன்னிரண்டு மணி அடிக்கச் சில வினாடிகள் ஆகும். முதல் அடிக்கு முன் பிறந்தாரா, கடைசி அடிக்குப் பின்னா? அந்த ஆலய மணி சரியான நேரத்துக்குத்தான் ஓடியதா? நகரப் பிறப்புப் பதிவேட்டில் நேரம் குறித்திருப்பார்கள் என்று எழுதினேன். ஃப்ராவ் விண்ணப்பித்திருக்கிறார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

போன புதன்கிழமை டோ கின் மியாவும் நானும் பகோடாவுக்குப் போனோம். ஃப்ராவுக்காகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி பாரு கேட்டிருந்தாள். தெற்கு மூலையில், தந்தமுள்ள யானையிடம் ஒரு கிண்ணம் ஊற்றினேன். பிறகு சூடேறிய சலவைக்கல்லில் வெறுங்காலோடு வடமேற்கு வரை நடந்து, தந்தமில்லாத யானையிடமும் ஒரு கிண்ணம் ஊற்றினேன்.

"ரெண்டுலயுமா?" என்று சிரித்தார் டோ கின் மியா. "ஒண்ணு தப்பு நோ."

ஒன்று தப்புதான். எது என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.